சூடேறும் மடிக்கணினி: யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

திருநெல்வேலி, தகவல் தொழில்நுட்பப் பாட ஆசிரியர்

சித்திரை வெயில் தொடங்கிவிட்டால் என்னிடம் பார்க்கத் தரப்படும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டுடன் வருகின்றன. விசிறி இரைகிறது, அடிப்பாகம் மடியில் வைக்க முடியாதபடி சுடுகிறது, சூம் வகுப்பின் நடுவில் எல்லாம் நின்று நின்று இயங்குகிறது. கொண்டு வருபவர்கள், "பேஸ்ட் மாற்றித் தாருங்கள் சேர்" என்று தீர்வையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். பேஸ்ட் என்பது புரொசெசருக்கும் அதன் மேலுள்ள செப்புத் தகட்டுக்கும் இடையே பூசப்படும், வெப்பத்தைக் கடத்தும் பசை. அது காய்ந்திருப்பது இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்று மட்டுமே. சூடு எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்பதை ஒரு திருகாணியையும் கழற்றாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பதனால், அளந்து பார்க்காமல் எந்தக் கணினியையும் நான் திறப்பதில்லை.

அண்மையில் சக ஆசிரியை ஒருவரின் கணினியைப் பார்த்தேன். கனடாவிலிருக்கும் அவருடைய தமையனார் சில காலம் பாவித்துவிட்டு அனுப்பியது. அங்கே ஒரு குறையும் காட்டவில்லையாம். அதிலிருந்த புரொசெசர் இன்டெல் கோர் ஐ5-8250யூ. அதன் அடிப்படை வேகம் 1.6 கிகா ஹேர்ட்ஸ், உச்ச வேகம் 3.4 கிகா ஹேர்ட்ஸ், வெப்ப வலு 15 வாட். 100 பாகை செல்சியஸை எட்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, புரொசெசருக்கு முழு வேலை கொடுக்கும் சுமைச் சோதனையைத் தொடக்கியபோது, 52 பாகையில் இருந்த வெப்பநிலை இரண்டொரு விநாடிக்குள் 96 ஐத் தொட்டது. சோதனையை நிறுத்தியதும் அதே விரைவில் 65 க்கு இறங்கியது. இத்தனைக்கும் பக்கவாட்டுத் துவாரத்தால் வெளியேறிய காற்று இளஞ்சூடாகவே இருந்தது.

நான் முதலில் கவனிப்பது இந்த ஏற்றத்தின் விரைவைத்தான். புரொசெசர் கண் இமைக்கும் நேரத்தில் கொதித்து, வெளியேறும் காற்று சூடாகாமல் இருந்தால், வெப்பம் செப்புத் தகட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அங்கே பேஸ்ட்டையோ, தகட்டை இறுக்கும் திருகாணிகளையோ சந்தேகிக்க வேண்டும். மாறாக, வெப்பநிலை பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பின்னும் இறங்க மறுத்து, வெளியேறும் காற்று பலவீனமாகவும் கடுஞ்சூடாகவும் இருந்தால், வெப்பம் செப்புக் குழாய் வழியாக, விசிறிக் காற்று ஊடே செல்லும் மெல்லிய துடுப்புத் தகடுகள் வரை வந்துவிட்டது. அதை அள்ளிச் செல்லக் காற்றுத்தான் போதவில்லை. முதல் வகையைப் போலவே தோன்றும் மூன்றாவது ஒன்றும் உண்டு. செப்புக் குழாயின் உள்ளே குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் இருக்கும். அது சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் ஒடுங்கி, மீண்டும் திரும்பி வருவதனால்தான் அந்தக் குழாய் வெறும் செப்புக் கம்பியை விடப் பன்மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. எங்கேனும் நுண்ணிய வெடிப்பு ஏற்பட்டு அந்த நீர் போய்விட்டால் எவ்வளவு உயர்ந்த பேஸ்ட்டைப் பூசினாலும் பயனில்லை. குழாயின் ஒரு முனை சுட, மறுமுனை குளிர்ந்தே இருக்கும்.

ஆசிரியையின் கணினியில் பேஸ்ட் காய்ந்து, புரொசெசரின் நடுப்பகுதியில் உதிர்ந்தே போயிருந்தது. புதிதாகப் பூசியபின் தொடர்ச்சியான சுமையில் 81 பாகைக்கு மேல் ஏறவில்லை. உச்ச வேகத்துக்குப் பாயும் முதல் சில விநாடிகளில் 90 ஐத் தொடுவது அந்த வகைப் புரொசெசர்களின் இயல்பு. அதை நோயாகக் கருதத் தேவையில்லை.

கனடாவில் ஏன் குறை தெரியவில்லை என்று அவர் கேட்டார். அறையின் வெப்பநிலை ஒரு பாகை கூடினால் புரொசெசரின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒரு பாகை கூடும். 21 பாகை அறையில் 85 ஐ எட்டி அமைதியாக ஓடிய கணினி, நமது 32 பாகை அறையில் 96 க்கு வந்துவிடும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கணினிகள் இங்கே வந்ததும் கெட்டுவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அவற்றில் பல அங்கிருந்தபோதே எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தவை.

குருநகர், வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்

ஆசிரியர் கூறிய இரண்டாம் வகைதான் எனக்கு வாய்த்தது. எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேசையைக் காலையில் துடைத்தால் மாலையில் விரலால் எழுதலாம். அந்தத் தூசில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். மாலையில் கொளுத்தும் நுளம்புச் சுருளின் புகையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

கடையொன்றில் காற்றடித்துச் சுத்தம் செய்து தந்தார்கள். சில நாள்கள் நன்றாக ஓடிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பியது. வேறொரு கடையில் விசிறியையே கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. விசிறி காற்றைத் தள்ளும் பக்கத்தில், துடுப்புத் தகடுகளின் வாயை மூடியபடி, வெட்டியெடுத்த கம்பளித் துண்டு போல ஒரு தூசுப் படை ஒட்டியிருந்தது. வெளித் துவாரத்தின் வழியாகக் காற்றடித்தபோது அது விசிறியின் பக்கமாகச் சற்று விலகியிருக்கிறது. விசிறி சுழலத் தொடங்கியதும் திரும்ப வந்து தகடுகளில் படிந்துவிட்டது. அந்தப் படையைக் குறட்டால் எடுத்தபின், பேஸ்ட்டைத் தொடாமலே, வெப்பநிலை 94 இலிருந்து 76 க்கு இறங்கியது. தகடுகளின் ஓரத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததையும் அந்தத் தம்பி காட்டினார்.

2022 இல் நீண்ட மின்வெட்டுகள் இருந்த நாள்களில் இன்னொன்றையும் கவனித்தேன். அறையின் விசிறி நின்று, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கணினி மட்டும் வழமையை விடக் குளிர்ந்திருந்தது. பற்றரியில் இயங்கும்போது புரொசெசருக்குக் கொடுக்கப்படும் வலுவைக் கணினியே குறைத்துவிடுகிறது என்று பின்னர் அறிந்தேன்.

யாழ். நகர், கஸ்தூரியார் வீதியில் கணினி திருத்துபவர்

தொழில் செய்பவன் என்ற முறையில் திறந்த பின்னர் செய்ய வேண்டியவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அளவீடு சரியாக இருந்தும் கைவேலையில் கெட்டுப்போன கணினிகள் என் மேசைக்கு நிறையவே வருகின்றன.

அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பற்றரியின் இணைப்பை விடுவிக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஒரு திருகாணி தாய்ப்பலகையின் மேல் விழுந்தால் அதன்பின் சூட்டைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாது. பற்றரி உப்பியிருப்பதைக் கண்டால் மற்ற வேலைகளை அப்படியே நிறுத்திவிட்டு அதை மாற்ற வேண்டும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. வெப்பத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் அருகில் 1, 2, 3, 4 என்று பொறித்திருப்பார்கள். கழற்றும்போது இறங்கு வரிசையிலும் பூட்டும்போது ஏறு வரிசையிலும், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு சரிந்து உட்காரும். பின்னர் அளந்து பார்க்கும்போது புரொசெசரின் உள்ளே இருக்கும் செயற்பாட்டு அலகுகளான கோர்களில் ஒன்று மற்றவற்றை விட 15 பாகை கூடுதலாகக் காட்டினால் நான் முதலில் இந்தச் சரிவைத்தான் தேடுவேன்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைக்க வேண்டும். மேசைக் கணினிப் புரொசெசரின் மேல் உலோக மூடி இருக்கும். மடிக்கணினியில் பெரும்பாலும் சிலிக்கன் துண்டு வெறுமையாகவே இருக்கும். ஆகவே நடுவில் ஒரு பொட்டு வைத்து, அது தானே பரவும் என்று விட்டுவிடாமல், அந்தச் சிறிய பரப்பு முழுவதையும் மெல்லிய படலமாக மூடிவிடுவது பாதுகாப்பானது. சிலர் நினைவகச் சில்லுகளின் மேலும் மின்வழங்கல் பகுதியின் மேலும் இருக்கும், வெப்பத்தைக் கடத்தும் மென்மையான பட்டைகளை எடுத்தெறிந்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் பூசிக் கொண்டு வருகிறார்கள். அங்கே சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி அரை மில்லிமீற்றரோ ஒரு மில்லிமீற்றரோ இருக்கும். பேஸ்ட் அதை நிரப்பாது. அதே தடிப்பில் பட்டைதான் போட வேண்டும். தடிப்புக் கூடினாலும் தகடு புரொசெசரில் படியாது.

பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசித் தரும்படி காணொளி பார்த்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்னையும் கடத்தும். என் அனுபவத்தில், நமது வெப்பத்தில் பேஸ்ட் ஓரங்களுக்குத் தள்ளப்படுவது விரைவாக நடப்பதனால், ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகிப் படியும் தாள் வகை நின்று பிடிக்கிறது. போலிகள் உலவுவதனால் நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும்.

காற்றடிக்கும்போது விசிறியின் இதழ்களை ஒரு குச்சியால் தடுத்து வையுங்கள். அதைத் தாறுமாறான வேகத்தில் சுழலவிட்டால் தாங்கிகள் தேய்ந்து, பிறகு இரைச்சலுக்கென்று தனியாக வர நேரிடும்.

கொக்குவில், பல்கலைக்கழக மாணவர்

என் கணினி கடையில் சுத்தம் செய்யப்பட்டு, பேஸ்ட்டும் புதிதாக இருந்தும் காணொளி தொகுக்கும்போது 95 ஐ விட்டு இறங்கவில்லை. மெல்லிய உடலுக்குள் 45 வாட் புரொசெசரை வைத்திருக்கிறார்கள்; அதன் வடிவமைப்பே அப்படி என்று ஏற்றுக்கொண்டு, சூட்டை உண்டாக்கும் பக்கத்தைக் குறைக்கப் பார்த்தேன். வின்டோஸின் மின்வலு அமைப்பில் புரொசெசரின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 வீதமாக மாற்றினால் அடிப்படை வேகத்துக்கு மேல் பாய்வது நின்றுவிடும். ஒரே ஓர் இலக்கம்தான். வெப்பநிலை 72 க்கு வந்துவிட்டது. எழுதவும் படிக்கவும் இந்த நிலை தாராளமாகப் போதும். காணொளியை ஏற்றுமதி செய்யும் நேரத்தில் மட்டும் திரும்ப 100 ஆக்குகிறேன்.

மின்னழுத்தத்தைக் குறைப்பது இதை விடச் சிறந்த வழி. வலு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதனால், வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தைப் பத்து வீதம் குறைத்தாலே வலு ஏறக்குறைய 19 வீதம் குறையும். ஆனால் 2019 டிசம்பரில் மின்னழுத்தத்தை மாற்றும் வசதியின் வழியாகத் தாக்க இடமளித்த, பிளண்டர்வோல்ட் எனப்பட்ட பாதுகாப்புக் குறை வெளிவந்தபின், இன்டெல் புரொசெசர் உள்ள பல கணினிகளில், கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸின் புதுப்பிப்பு மூலம் அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். என்னுடையதிலும் பூட்டியே இருக்கிறது. அதைத் திறப்பதற்காகப் பழைய பயோஸுக்குத் திரும்ப நான் விரும்பவில்லை.

சாவகச்சேரி, அலுவலகப் பணியாளர்

சூடே இல்லாமல் சூட்டின் அறிகுறி காட்டிய கணினியைப் பற்றியும் இங்கே சொல்லிவைக்கலாம். அலுவலகக் கணினி ஆமை வேகத்தில் இயங்கியது. எல்லோரும் வெப்பம் என்றே முடிவு செய்து பேஸ்ட் மாற்றுவித்தார்கள், மாற்றம் இல்லை. ஆசிரியர் சொன்னதைப் போல அளந்து பார்த்தபோது வெப்பநிலை 45 பாகை, வேகமோ 0.79 கிகா ஹேர்ட்ஸிலிருந்து அசையவில்லை. வின்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில், புரொசெசரின் வேகத்தை நிலைபொருள் (கணினியின் வன்பொருளோடு பதிந்திருக்கும் மென்பொருள்) மட்டுப்படுத்துவதாக 37 ஆம் இலக்க எச்சரிக்கை வரிசையாக இருந்தது. பழைய சார்ஜர் பழுதாகி, வெளியே வாங்கிய மாற்றுச் சார்ஜரைச் செருகியிருந்தார்கள். அதன் வலுவை அடையாளம் காண முடியாத கணினி, பாதுகாப்புக்காகப் புரொசெசரை அடக்கி வைத்திருந்தது. உரிய சார்ஜரைச் செருகியதும் வேகம் திரும்பிவிட்டது. இந்த அடக்கலை நீக்க திரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருளில் ஒரு தெரிவு இருக்கிறது. மின்வழங்கல் பகுதி உண்மையிலேயே சூடேறும்போதும் இதே சமிக்ஞைதான் வரும் என்பதனால் அதைக் கண்மூடித்தனமாக நீக்குவது நல்லதல்ல. ஆசிரியர் ஐயா, அடியில் விசிறி உள்ள தாங்கிப் பலகைகளால் ஏதாவது பயன் உண்டா?

திருநெல்வேலி, தகவல் தொழில்நுட்பப் பாட ஆசிரியர்

காற்றை உள்ளிழுக்கும் துவாரம் அடிப்பாகத்தில் இருந்து, பலகையின் விசிறி அதற்கு நேர் கீழே அமைந்தால் சில பாகைகள் குறையும். துவாரம் விசைப்பலகைப் பக்கத்தில் இருந்தால் அடியிலிருந்து வரும் காற்று புரொசெசருக்கு அநேகமாகப் போய்ச் சேராது. வாங்கும் முன், கணினியின் பின்புறத்தை இரண்டு புத்தகங்களின் மேல் சற்று உயர்த்தி வைத்து அளந்து பாருங்கள். அதிலேயே வித்தியாசம் தெரிந்தால் பலகையும் உதவும். தெரியாவிட்டால் அந்தப் பணத்தை விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்குக் கொடுக்கலாம்.