குறட்டைக்குக் கஞ்சா மாத்திரையா? எங்கள் வீட்டில் நடந்தது

சத்துவாச்சாரி வாசகி:

என் வீட்டுக்காரருக்கு 49 வயது. ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ஷூ லோடு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறார். போன வருஷம் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் வண்டி நின்றபோதே ஸ்டீயரிங்கில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தும் எழவில்லை. கிளீனர் பையன்தான் உலுக்கி எழுப்பினான்.

அன்று ராத்திரி நான் தூங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை உச்சத்துக்குப் போகிறது, திடீரென்று சத்தமே இல்லை. மனசுக்குள் எண்ணினேன். 10, 15, 20. அப்புறம் நீரில் மூழ்கி மேலே வந்தவர் போல மூச்சை இழுத்தார். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். சத்தம் நின்றுபோவதை ஒருநாளும் கவனித்ததில்லை.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. 30ஐத் தாண்டினால் தீவிரமாம். தூக்கத்தில் தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் மெஷின் எழுதிக்கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து குழாய், ராத்திரி முழுக்கக் காற்று. நான்காம் நாளே அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் சிகாகோவில் இருக்கும் நாத்தனார் மகன் போன் செய்தான். "மாமா, இதுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்காங்க. கஞ்சாவில் இருக்கிற பொருளையே செயற்கையா செஞ்சது." அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இதை லாரி ஷெட்டில் சொல்லியிருக்கிறார். யாரோ ஒருவர், "மாத்திரை எதுக்குண்ணா?" என்று ஒரு பொட்டலத்தையே கொடுத்துவிட்டார். பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கியது. காட்பாடி வழியாக வரும் ரயில்களில் இதற்காகவே போலீஸ் பையைச் சோதிக்கிறது, இவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்! அன்றே அதைக் கழிவறையில் கொட்டினேன்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். அவர் திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். அந்த மருந்தின் பெயர் டிரோனாபினால். கீமோதெரபி வாந்திக்கு 1985இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையிலிருந்து தொண்டை, நெஞ்சு, வயிறு வரை போகும் வேகஸ் நரம்பு வழியாக வேலை செய்து, தூக்கத்தில் தொண்டைத் தசை தளராமல் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் சோதித்திருக்கிறார்கள். 2018இல் வந்த ஆய்வில் 73 பேர், 6 வாரம். 10 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட மூச்சுத் தடை மணிக்குச் சுமார் 13 தடவை குறைந்தது. ஆனால் ராத்திரி ஆக்சிஜன் அளவு தேறவில்லை. அதே வருஷம் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி, இதற்குக் கஞ்சா மருந்து வேண்டாம் என்று அறிக்கை விட்டது.

"உங்களுக்கும் 13 குறையுதுன்னே வெச்சுக்கோங்க, மிச்சம் 25 இருக்கே" என்றார். "இந்த மருந்தே தூக்கத்தை இழுக்கும். நீங்க ஸ்டீயரிங் பிடிக்கிறவர்." அதற்கு மேல் என் வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. மாத்திரை இல்லை என்றதும் அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. குழாய் மாட்டாமல் தூங்க ஆசைப்படுவது தப்பா?

ராணிப்பேட்டை அன்பர்:

அக்கா, என் அப்பா கஞ்சாவிலிருந்து செய்யும் எண்ணெயை, விஜயா எண்ணெய் என்ற பெயரில் ஆன்லைனில் வாங்கி நாக்கடியில் விட்டுக்கொண்டார். நீங்கள் சொன்ன மாத்திரை வேறு, இது வேறு என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விடியற்காலை பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. குறட்டை அப்படியேதான் இருந்தது. டாக்டரிடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லவே வெட்கப்பட்டார், நான்தான் சொன்னேன். தயவுசெய்து யாரும் மறைக்காதீர்கள்.

அப்புறம், அண்ணனுக்கு மாஸ்க் அளவு சரிதானா என்று பாருங்கள். அப்பா வாயைத் திறந்து தூங்குவார். மூக்கு மாஸ்க்கை மாற்றி வாயையும் மூடும் மாஸ்க் போட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டது.

சத்துவாச்சாரி வாசகி:

நன்றி தம்பி, அவருக்கும் அதே கதைதான். காற்று வாய் வழியாகப் போய் நாக்கு வறண்டிருக்கிறது. மாஸ்க்கை மாற்றினோம். முதல் வாரம் 2 மணி நேரம், இப்போது 5 மணி நேரம் வரை போட்டுக்கொள்கிறார். டோல்கேட்டில் தூங்குவதில்லை என்று கிளீனர் பையன் சொன்னான். நான் எண்ணுவதையும் நிறுத்திவிட்டேன். வேலூர் வெயிலுக்கு மொட்டை மாடியில்தான் படுக்கை, அதனால் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி மாடிப்படி வழியாக இழுத்திருக்கிறோம்.