ஏரிக்கரையில் தவளைத் திருவிழா: ஏப்ரலிலா, மழைக்குப் பிறகா, வேண்டவே வேண்டாமா?

கலிங்கல்:
காட்பாடி வட்டத்தில் ஓர் ஏரிக்கரையில், வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வரும்படி தவளைத் திருவிழா நடத்த ஒரு வரைவு சுற்றுக்கு வந்திருக்கிறது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கம்: ஏப்ரல் கடைசிச் சனி, மாலை 4 முதல் இரவு 9 வரை. கரைமேல் சாமியானா, ஓவியப் போட்டி, தவளை முகமூடி, தலைப்பிரட்டைத் தொட்டி, இருட்டியதும் டார்ச்சோடு தவளை நடை. எதிர்பார்க்கும் கூட்டம் 500 பேர். 2009 முதல் பல நாடுகளில் தவளைகளைக் காக்கும் நாள் ஏப்ரல் கடைசியில் வருவதால் அந்தத் தேதியாம்.

விழா வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இந்தத் தேதி வேலூருக்கு ஒத்துவராது. அப்போது இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். மதகடிப் பள்ளத்தில் தேங்கியிருப்பதுதான் ஏரித் தண்ணீர். பெருந்தவளை சேற்றுக்குள் இருக்கும், பலூன் தவளை மண்ணுக்குள் இருக்கும். கண்ணில் படுவது தண்ணீர்மேல் தத்தி ஓடும் சின்னத் தவளையும், தெருவிளக்கடியில் பூச்சி பிடிக்கும் தேரையும்தான். ஈரநில நாளான பிப்ரவரி 2 என்று வைத்தாலும் பறவைகளைக் காட்டலாம், அவ்வளவுதான். தவளைக் கச்சேரி கிடையாது.

நமக்கு ஆடி, ஆவணியிலேயே சாயங்கால இடிமழை உண்டு, ஐப்பசியில் பருவமழை. எந்த வருடம் எது முதலில் குட்டைகளை நிரப்புகிறதோ, அதிலிருந்து மூன்றாவது ஞாயிறு என்று வைக்கலாம். பெருமழை பெய்த இரவே முட்டையிட்டுவிடும், இந்தச் சூட்டில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். மூன்றாவது வாரத்தில் பின்னங்கால் வைத்த தலைப்பிரட்டைகளைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டியதே அந்தக் கட்டம்தான்.

பாலாற்றுமணல்:
தேதியை மாற்றினால் கெடுதல் கூடத்தான் செய்யும். ஏப்ரலில் வருகிறவர்கள் போண்டா தின்றுவிட்டுப் போவார்கள், தவளைக்கு நஷ்டமில்லை. மழைக்குப் பின் 500 பேர் இறங்கினால் மிதிபடுவது முட்டையும் குஞ்சும்.

இடமும் தவறு. பெரும்பாலான தவளைகள் முட்டையிடத் தேடுவது மீன் இல்லாத தேக்கத்தை: கரைக்குப் பின்னால் கசிவுநீர் நிற்கும் பள்ளம், கழனி மடை, சூளைக்கு மண் எடுத்த குழி. நீங்கள் சொல்லும் ஏரி, மீன் பிடிக்கும் உரிமையை விற்கும் மீன்பாசி ஏலத்தில் போய் கட்லாவும் ரோகுவும் விட்ட ஏரி. கொசு ஒழிப்பு என்று கம்பூசியா மீன் விட்ட குட்டைகளிலும் இதே நிலைமைதான். அது கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் குஞ்சையும் சேர்த்துக் கொறிக்கும். இந்த லட்சணத்தில் ஏரிக்கரையில் சாமியானா போட்டு யாரைக் கொண்டாடுகிறோம்?

விழா பிரபலமானால் அடுத்து 'ஏரி அழகுபடுத்தும் பணி' வரும். உட்சரிவு முழுக்கக் கல் பதிப்பார்கள், சிமெண்ட் விளிம்பு கட்டி நடைபாதை போடுவார்கள், ஹைமாஸ் விளக்கு நிறுத்துவார்கள். வால் சுருங்கிய நிலையில் கரையேறும் குஞ்சு நகம் அளவுதான் இருக்கும். செங்குத்தான விளிம்பில் அதனால் ஏற முடியாது, ஏறினாலும் கொதிக்கிற சிமெண்டில் காய்ந்துவிடும். தவளைக்கால் ஏற்றுமதியை 1987-ல் நிறுத்தியது அரசாணை. முகமூடி போட்டு ஆடியதால் அது நிற்கவில்லை.

மரத்தவளை:
பாலாற்றுமணல் ஐயா, இடம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அந்தக் கடைசி வாதம்தான் சரியில்லை. நம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அதைப் போட்டது வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்றுதானே. தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருந்தால்தான் சட்டமும் நகரும். தோல் வழியாகவே தண்ணீரையும் காற்றையும் எடுத்துக்கொள்ளும் பிராணியைக் காட்டி அந்தக் கவலையை ஏற்படுத்துவது சுலபம்.

தலைப்பிரட்டைத் தொட்டி சரியாக அமைந்தால் குழந்தைகள் குட்டையில் கால் வைக்கவே தேவையில்லை. அகலமான வெளிர்நிறத் தொட்டி, தண்ணீர் பத்து லிட்டர், ஆழம் ஒரு சாணுக்கும் குறைவாக. எந்தக் குட்டையில் பிடித்தோமோ அதே குட்டைத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, குளோரின் செவுளை அரித்துவிடும். தொட்டிக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் வேண்டாம். நடுவில் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு கல், முன்னங்கால் வந்தவை அதில் ஏறிக்கொள்ளும்; கல் இல்லாவிட்டால் அவை மூழ்கிச் சாகும், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் செவுள் போய் நுரையீரல் வந்திருக்கும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும், இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். இருட்டுவதற்குள் எடுத்த குட்டையிலேயே திரும்ப விட வேண்டும். வனத்துறை அனுமதிக் கடிதம் இல்லாமல் எதையும் பிடிக்கவே கூடாது.

கழனிக்காட்டான்:
தொட்டி கணக்கு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஒரே தொட்டியில எல்லாத்தையும் கலந்து போட்டா சாயங்காலத்துக்குள்ள பாதி காணாமப் போயிடும். பெருந்தவளைக் குஞ்சு பாசி மேயற ஜாதி இல்ல, மத்த குஞ்சைப் புடிச்சுத் தின்னும். பக்கவாட்டுல போயி வயித்தைக் கவ்வும், விடவே விடாது. தேரைக் குஞ்சு கன்னங்கரேல்னு கூட்டமா திரியும், பெருந்தவளைக் குஞ்சு பெருசா, பழுப்பா, தனியா நிக்கும். பாத்துப் பிரிச்சுப் போடணும்.

ராத்திரி நடைக்குப் புள்ளைங்களைக் கூட்டினு போறதும் எனக்குப் புடிக்கல. தவளை இருக்கிற இடத்துல சாரையும் தண்ணிப்பாம்பும் வரும். அது பரவால்ல, கடிச்சாலும் விஷம் கிடையாது. வரப்புல கண்ணாடி விரியன் படுத்திருந்தா இன்னா பண்ணுவீங்க?

மரத்தவளை:
விரியன் பயம் நியாயமானது. அதனால் வரப்பில் நடக்கவே வேண்டாம். பகலிலேயே புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரே பாதை. குழுவுக்குப் பன்னிரண்டு பேர், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தடியோடு. முழங்கால்வரை பூட்ஸ் இல்லாதவருக்கு இடமில்லை. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டி, வெளிச்சத்தைக் காலடிக்கு மட்டும் அடிக்க வேண்டும். தவளைமேல் வெள்ளை வெளிச்சம் நின்றால் கத்துவதை நிறுத்திவிடும். குட்டைக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும், மறுபடி ஆரம்பிக்கும். சீப்புப் பல்லை நகத்தால் வருடுகிற சத்தம் கேட்டால் அது குறுவாய்த் தவளை.

கலிங்கல்:
ஆனால் மூன்றாவது ஞாயிறு என்றால் பெருந்தவளை கத்தி ஓய்ந்திருக்கும். ஆண் மஞ்சள் நிறமாக மாறி, தொண்டையோரம் இரண்டு நீலப் பைகளை ஊதிக் கத்துவது முதல் மழைக்குப் பின் ஓரிரு இரவு மட்டும்தான். அப்போது 500 பேருக்கு அறிவிக்க முடியாது. ஆகவே இரண்டாகப் பிரிக்கலாம்: முன்பதிவு செய்த இருபத்து நான்கு பேருக்கு மழை இரவில் குறுஞ்செய்தி, மற்ற எல்லாருக்கும் மூன்றாவது ஞாயிறு பகலில் தொட்டிக் காட்சி.

பாலாற்றுமணல்:
எந்தத் துறை 'மழை பெய்தால் மூன்றாவது ஞாயிறு' என்று அனுமதி எழுதித் தரும்? நீர்வளத்துறை, ஊராட்சி, காவல் நிலையம் எல்லாரும் தேதி கேட்பார்கள். ஐப்பசி மழை என்றால் தீபாவளி வெடிச்சத்தமும் கூட வரும்.

கொசுவிரட்டிக் களிம்பு பற்றி யாருமே பேசவில்லை. பெற்றோர் பிள்ளைக்குக் கை முழுக்கத் தடவித்தான் கூட்டி வருவார்கள். அந்தக் கையைத் தொட்டியில் விட்டால் களிம்பு நேராகத் தலைப்பிரட்டையின் தோலுக்குள் போகும்.

கலிங்கல்:
அனுமதியை ஆவணி முதல் கார்த்திகை வரை உள்ள ஞாயிறுகளுக்கு மொத்தமாகக் கேட்டு, பத்து நாள் முன்பு உறுதி செய்கிறோம் என்று எழுதலாம். பள்ளிகளுக்கும் அதே முறையில் தேதி சொல்லலாம். களிம்புக்கு வழி, தொட்டியில் கை விட அனுமதியே இல்லை. மேலே கண்ணாடி, பக்கத்தில் பூதக்கண்ணாடி. தொட்டுப் பார்க்க ஆசைப்படும் சிறுசுகளுக்குக் களிமண் தவளை.

காலணி பற்றி ஒன்று. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை குளிர்ந்த தண்ணீரில்தான் செழிக்கும், 30 டிகிரியைத் தாண்டினால் தாக்குப்பிடிப்பது கஷ்டம். நம் சமவெளிக் குட்டையில் ஆபத்து குறைவு. ஆனால் ஜவ்வாது மலை ஓடைக்கும் இங்கேயும் ஒரே பூட்ஸோடு போய்வருகிறவர்கள் சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்துத்தான் போட வேண்டும். உலர்ந்தால் அந்தப் பூஞ்சை பிழைக்காது.

பாலாற்றுமணல்:
தொட்டியையும் பகல் காட்சியையும் ஒப்புக்கொள்கிறேன். ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், கரைமேல் சாமியானா மூன்றையும் வரைவிலிருந்து எடுத்தால்தான் என் ஆட்சேபம் போகும். பள்ளி மைதானத்தில் வையுங்கள். கல் பதிப்பும் நடைபாதையும் கேட்க மாட்டோம் என்று ஏற்பாட்டாளர்கள் எழுத்தில் தர வேண்டும். மழை இரவு நடைக்கு எப்போதும் எதிர்ப்புதான்.

கழனிக்காட்டான்:
குஞ்சு எந்தக் குட்டையில கிடைக்கும்னு பேசுறீங்களே, மூணாவது வாரம்னா ஏரித் தண்ணி பாயற ஆயக்கட்டுல நடவு முடிஞ்சு குருணையா இருக்கிற பூச்சி மருந்து போடுற நேரம் சார். மருந்து போட்ட மறுநாள் மடையில பாத்தா வெள்ளையா வயித்தைக் காட்டிக்கினு மிதக்கும். அப்புறம் புள்ளைங்களுக்கு இன்னாத்தக் காட்டுவீங்க? ஏரி நிறைஞ்சா தண்ணி வழியற கோடிப் பக்கம் கடைமடையில ரெண்டு மூணு பேரோட கழனியை இப்பவே பேசிவையுங்க. அந்த மடையில குருணை வேணாம், தண்ணி வடிக்க வேணாம், விளைச்சல் குறைஞ்சா இவ்ளோன்னு பணம். சாமியானா வேணாம்னு ஆயிடுச்சுன்னா அந்தக் காசை இதுக்குக் குடுத்துடலாம்.