பிஎன்ஏ போட்டும் ஈ.கோலை அப்படியே வளருதே, ஏன்?

தரமணி_மைக்ரோ:
எம்எஸ்சி கடைசி செமஸ்டர், கைல ஆறு வாரம்தான் இருக்கு. ஈ.கோலைல ஏசிபிபி ஜீன ஆஃப் பண்ணனும், அது கொழுப்பமிலம் செய்யத் தேவையான ஜீன், அது நின்னா செல்லும் நிக்கணும். அதுக்கு 15 பேஸ் பிஎன்ஏ (டிஎன்ஏ மாதிரி செயற்கையா செஞ்ச இழை, ஜீனோட ஆர்என்ஏல ஒட்டி அடைக்கும்) வாங்கினோம், காசு பத்தாததால பெப்டைட் (குட்டி புரதத் துண்டு) ஒட்டாம. 10 மைக்ரோமோலார் போட்டுட்டு காலைல ட்யூப வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கி நிக்குது, ஒண்ணுமே போடாத ட்யூபும் அதே கலங்கல். இந்த வெயில்ல பார்சல் ரெண்டு நாள் கிடந்துச்சு, அதுல கெட்டுருக்குமா?

வேளச்சேரி_அண்ணன்:
கெட்டிருக்காதும்மா. 1991ல கோபன்ஹேகன்ல நீல்சன் குழு பிஎன்ஏவ செஞ்சப்பவே டிஎன்ஏவோட சர்க்கரை-பாஸ்பேட் முதுகெலும்ப எடுத்துட்டு புரதம் மாதிரி அமைடு பிணைப்பு வச்சாங்க, அதனால டிஎன்ஏ, ஆர்என்ஏவ வெட்டுற நியூக்ளியேஸும் கடிக்காது புரதத்த வெட்டுற புரோட்டியேஸும் கடிக்காது, மின்னூட்டமும் இல்லாததால ஆர்என்ஏவ இறுக்கிப் புடிச்சுக்கும். உன் பிரச்சனை வாசல்ல. ஈ.கோலையோட வெளிச்சவ்வத் தாண்டி அது உள்ளயே போகல. கேஎஃப்எஃப் பெப்டைட் ஒட்டித்தான் வாங்கணும், அதுல இருக்கிற லைசின் பாசிட்டிவ், செல்லோட வெளிப்பக்கம் நெகட்டிவ், போய் ஒட்டிக்கும், ஃபீனைல்அலனின் சவ்வுக்குள்ள நுழைய உதவும்.

லேப்_அக்கா:
அண்ணா சொல்றது சரி, ஆனா 15 பேஸும் ஜாஸ்திடா. நீளம் கூடினா நல்லா புடிக்கும்னு தோணும், பாக்டீரியாவுல உள்ள நுழையறதுதான் கஷ்டம், அதனால 9லருந்து 12க்குள்ள வை, 10 நல்லா வேலை செய்யும். எம்ஆர்என்ஏவுல (ஜீனோட ஆர்என்ஏ நகல்) ஏயூஜி, அதாவது புரதம் ஆரம்பிக்கிற குறி, வர்ற இடத்த மூடுற மாதிரி டிசைன் பண்ணு, புரதம் செய்யற ரைபோசோம் வந்து உக்கார இடம் இருக்காது. பாக்டீரியாவுல ஆர்என்ஏஐ மெஷினரி (குட்டி ஆர்என்ஏவ வச்சு எம்ஆர்என்ஏவ வெட்டுற அமைப்பு) கிடையாது, அடைச்சாத்தான் உண்டு.

முக்கியமா, அதே பெப்டைட் ஒட்டின, பேஸ் வரிசைய மட்டும் கலைச்சுப்போட்ட பிஎன்ஏ ஒண்ணும் வாங்கு, கையக் கடிச்சாலும் பரவால்ல. கேஎஃப்எஃப் டோஸ் ஏறினா தானே சவ்வ உடைக்கும், ஜீன் நின்னுதா சவ்வு கிழிஞ்சுதான்னு வைவால கேட்டா உங்கிட்ட பதில் வேணும்ல. பிஎன்ஏ சாதா பிளாஸ்டிக் ட்யூப்லயும் ஒட்டிக்கும், லோ-பைண்டிங் ட்யூப் எடு, எடுக்கறதுக்கு முன்னாடி 55 டிகிரில சூடு பண்ணிக்கோ.

தரமணி_மைக்ரோ:
ரொம்ப நன்றிக்கா, அண்ணா. கைடுகிட்ட இன்னைக்கே பேசறேன். ரெண்டும் வாங்க பட்ஜெட் இல்லேன்னா?

லேப்_அக்கா:
அப்போ ரெண்டையும் கம்மி அளவுல வாங்கு, 96 வெல் பிளேட்ல 100 மைக்ரோலிட்டர் வால்யூம்ல பண்ணிடலாம். ஒண்ண மட்டும் வாங்காத.