ஊர்ப் பப்பா, உள்ளூர் இசகாயாவா: டோக்கியோவில் கண்டதும் கேட்டதும்

டோக்கியோவுக்கு வேலையாக வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் பிரிட்டிஷ்காரர்களும் ஐரிஷ்காரர்களும், மாலையில் அலுவலகம் விட்டதும் எங்கே போய் உட்காருவது என்பதைச் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. தங்கள் ஊரில் இருப்பதைப் போன்ற பப்புக்குப் போவதா, ரயில் நிலையத்துக்குப் பின்னால் சிவப்புக் காகித விளக்கு தொங்கும் இசகாயா என்ற ஜப்பானிய மதுக்கடை உணவகத்துக்குப் போவதா என்பதில் அவர்களுக்குள் இரண்டு கட்சிகளே உண்டு. அவர்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, இரண்டு வகை இடங்களிலும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில், நான் கண்டதையும் அவர்கள் சொல்லக் கேட்டதையும் பகிர்ந்துகொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு இதில் சொந்த வழக்கு எதுவும் இல்லை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கும் மாநிலத்திலிருந்து வந்தவனுக்கு, அயல்நாட்டில் ஏங்கித் தேடும்படியான மதுக்கூடம் எதுவும் ஊரில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தை குட்டிகளோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் இடமாக ஒரு பப் இருக்க முடியும் என்பதையே லீட்ஸ் நகரத்து நண்பர் சொல்லித்தான் அறிந்துகொண்டேன்.

அந்த நண்பர் முதலில் போனது ஹப் என்ற பிரிட்டிஷ் பாணிக் கடைக்கு. டோக்கியோவில் பெரிய நிலையம் எதற்கு அருகிலும் அதைப் பார்க்கலாம். மர மேசைகள், கரும்பச்சைச் சுவர்கள், மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும், பைன்ட் கோப்பையில் பீர், தொலைக்காட்சியில் கால்பந்து என்று எல்லாம் அவர் ஊர்ச் சாயலில்தான் இருந்தன. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானிய இளைஞர்கள். அது இங்கிலாந்துக்காரர்களுக்காகத் திறக்கப்பட்ட கடையே அல்ல. டையே என்ற ஜப்பானியப் பல்பொருள் அங்காடி நிறுவனம், 1980-ல் கோபே நகரத்தின் சன்னோமியாவில் ஜப்பானியர்களுக்காகத் தொடங்கிய சங்கிலி அது. இருக்கைக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் போய்க் கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, கோப்பையை நாமே எடுத்துக்கொண்டு வர வேண்டும். மாலை ஏழு மணி வரை காக்டெய்ல்கள் மலிவு. எவ்வளவு செலவாகும் என்பது முன்கூட்டியே தெரிவதால் கல்லூரி மாணவர்களும் தயங்காமல் உள்ளே வருகிறார்கள். இது நண்பருக்கு முதலில் பெரும் ஏமாற்றமாக இருந்தது. என் பார்வையில் அந்தக் கடையின் பெருமையே அதுதான். இன்னொரு நாட்டின் வழக்கத்தை எடுத்துத் தம் மக்களுக்கு ஏற்றபடி அமைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறார்கள் என்றால், அது இன்று டோக்கியோவின் உள்ளூர்க் கடைகளுள் ஒன்று என்றே சொல்ல வேண்டும்.

ஐரிஷ் பப்புகளின் கதை வேறு. 1990-களில் டப்ளினில் இருந்த வடிவமைப்பு நிறுவனங்கள், கின்னஸ் நிறுவனத்தின் ஊக்கத்தோடு, பப்பின் மரவேலை, முகப்பு, சுவரில் மாட்டும் பழைய பொருள்கள் வரை அனைத்தையும் அயர்லாந்திலேயே தயாரித்து உலகெங்கும் கப்பலில் அனுப்பின. டோக்கியோவில் அப்படிப்பட்ட ஒரு பப்பில் கார்க் நகரத்துப் பெண்மணி ஒருவரோடு பலமுறை பேசியிருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றில் கணக்குத் துறையில் இருந்தவர். ஜப்பானிய மொழியில் என்னைவிட மிகவும் தேர்ந்தவர். இசகாயாவில் சரளமாகப் பேசிச் சாப்பிட முடிந்த அவர் ஏன் இங்கேயே வருகிறார் என்று கேட்டேன். பகல் முழுவதும் கூட்டங்களில் மரியாதை வினைச்சொற்களை யோசித்து யோசித்துப் பேசியபின், மாலையில் எதையும் யோசிக்காமல் வாய் திறக்க ஓர் இடம் வேண்டும் என்றார். சுவரில் மாட்டியிருக்கும் பழைய சைக்கிள் அயர்லாந்தில் எந்த வீட்டிலிருந்தும் வந்ததல்ல என்பது தமக்கும் தெரியும். தமக்கு வேண்டியது சைக்கிள் அல்ல, பக்கத்து இருக்கைக்காரர் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்வதுதான் என்றும் சொன்னார். ஊர்ப் பப்பை ஆதரித்து நான் கேட்ட வாதங்களில் இதற்கு நிகரானது இல்லை. வெளிநாட்டில் பிழைப்பவர்களுக்கு மொழியால் வரும் களைப்பு உடம்பையே தாக்கும். அதை ஆற்றிக்கொள்ளப் போகிறவரைப் பார்த்து, இவர் இந்த நாட்டோடு ஒட்டவில்லை என்று சொல்வது அநியாயம்.

2019-ல் ஜப்பானில் ரக்பி உலகக் கோப்பை நடந்தபோது, செப்டம்பர் 28 அன்று ஷிசுவோக்காவில் ஜப்பான் அயர்லாந்தை 19-12 என்று வென்றது. அன்று அந்தப் பெண்மணி அதே பப்பில் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் கடை முழுவதும் ஆரவாரம் என்றும், ஜப்பான் அணியின் சிவப்பு வெள்ளைக் கோடுபோட்ட சட்டை அணிந்த ஒரு முதியவர் இவருடைய மேசைக்கு வந்து, தலை தாழ்த்தி வணங்கி, ஒரு பைன்ட் கின்னஸை வைத்துவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பிப் போனார் என்றும் சொன்னார். அந்த முதியவர் நெடுங்காலமாக அங்கே வருகிறவர். அவருக்கு அது தம் தெருக்கடை. ஊர்ப் பப்பில்தான் ஜப்பானியரோடு தமக்கு முதல் உண்மையான பழக்கம் ஏற்பட்டது என்று இவர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன்.

இனி இசகாயா. புதிதாகப் போகும் அயல்நாட்டவர் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது ஒதோஷியில்தான். உட்கார்ந்ததும் சூடான ஈரத் துண்டு வரும். முதல் கோப்பை வரும்போது, யாரும் கேட்காத ஒரு சின்னக் கிண்ணமும் கூடவே வரும், அதுதான் ஒதோஷி. வேகவைத்த கீரையோ, ஊறவைத்த காயோ, இரண்டு துண்டு மீனோ அதில் இருக்கும். பில்லில் அதற்குத் தலைக்கு முந்நூறு முதல் ஐந்நூறு யென் வரை ஏறும். மான்செஸ்டரிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர், தாம் கேட்காததற்குக் காசு தர முடியாது என்று ஒரு கடையில் நெடுநேரம் வாதாடினார். கடைக்காரர் கடைசியில் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் வழியனுப்பினார். அவர் கேட்டதில் சட்டப்படி தவறில்லாமல் இருக்கலாம். ஆனால் டிப்ஸ் என்ற வழக்கமே இல்லாத நாட்டில், எட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு கடையில் இரண்டு மணி நேரம் இடத்தைப் பிடித்துக்கொள்வதற்கான விலை அது. அந்தக் கிண்ணத்தில் கடைக்காரர் அன்றைய கைப்பக்குவத்தைக் காட்டுகிறார் என்பதால், ஒதோஷி நன்றாக இருக்கும் கடையில் மற்றவையும் நன்றாகவே இருக்கும் என்று இங்கே பழகியவர்கள் சொல்வார்கள். என் அனுபவமும் அதுவே.

நான் குடியிருப்பது எதோகாவா வட்டாரத்தில், நிஷிகசாய் நிலையத்துக்குப் பக்கம். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் குடியேறத் தொடங்கியதிலிருந்து, இந்தியர்கள் நிறைந்த பகுதி இது. மளிகைக் கடையும் இட்லி மாவும் இருக்கும் இந்தப் பகுதியில், ஒரு சந்துக்குள் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தனியாக நடத்தும் இசகாயா இருக்கிறது. லீட்ஸ் நண்பர் வீடு மாறி இந்தப் பக்கம் வந்தபின் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்; என்னையும் அவரே அழைத்துப் போனார். அங்கே பெரும்பாலானவர்கள் கேட்பது ஹோப்பி. 1948-ல் சந்தைக்கு வந்த, ஆல்கஹால் மிகக் குறைந்த, பீர் போன்ற பானம் அது. கனமான கண்ணாடிக் குவளையில் ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயத்தைக் குளிர்ந்தபடி ஊற்றி, ஹோப்பிப் புட்டியைத் தனியாகப் பக்கத்தில் வைப்பார்கள். புட்டியை உயர்த்தி ஒரே மூச்சில் ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். கரண்டியால் கலக்கினால் நுரை செத்துவிடும். குவளை காலியானதும் ஷோச்சுவை மட்டும் மறுபடி கேட்கலாம், புட்டியில் மிச்சம் இருக்கும். நண்பர் முதல் நாள் கரண்டியை எடுத்தபோது, பக்கத்தில் இருந்த தச்சர் ஒருவர் எதுவும் பேசாமல் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, தம் புட்டியால் ஊற்றிக் காட்டினார். அதன்பிறகு இருவரும் அடுத்தடுத்த இருக்கைகளில்தான் உட்கார்ந்தார்கள்.

குடிக்கும் முறையிலும் ஓர் உரசல் உண்டு. இங்கிலாந்தில் நண்பர்கள் கூடினால் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தருவது கடமை. இங்கே பெரிய பீர்ப் புட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரின் சிறிய கோப்பை குறையும்போது நாம் ஊற்ற வேண்டும், நம்முடையதை அவர் ஊற்றுவார். காசைக் கடைசியில் பங்கிட்டுக்கொள்வார்கள். லீட்ஸ் நண்பர் தம் வழக்கப்படி அந்தச் சிறிய கடையில் எல்லோருக்கும் வாங்கித் தந்தபோது மற்றவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. அடுத்த வாரம் ஒருவர் ஊறுகாயும் இன்னொருவர் பேரிக்காயும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துக் கடனைத் தீர்த்தார்கள். இதை அவர் சொல்லும்போது இன்றும் குரல் நெகிழும்.

மதுரையிலிருந்து வந்த சைவச் சாப்பாட்டு நண்பர் ஒருவரை அங்கே அழைத்துப் போகும்போது எனக்குத் தயக்கம் இருந்தது. ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்புக்கும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த போனிட்டோ மீனிலிருந்தே வருகிறது. குளிர்ந்த தோஃபுவின் மேல்கூட மீன் சீவலைத் தூவிவிடுவார்கள். விஷயத்தைக் கடைக்காரரிடம் சொன்னதும், தமக்குத் தெரிந்ததை வைத்துச் சமாளிப்பதாகச் சொல்லி, உப்புப் போட்டு வேகவைத்த எதமாமே என்ற பச்சைச் சோயா அவரை, தணலில் வாட்டிய வெங்காயம், சின்னப் பச்சைமிளகாய், சீவல் தூவாத தோஃபு ஆகியவற்றைத் தந்தார். நண்பர் மது தொடாதவர். ஊலாங் தேநீர் குடித்தார். ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குவதுதான் அங்கே எதிர்பார்ப்பு, அது மதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அடுத்த முறை போனபோது, அவருக்கான ஒதோஷியில் மீன் சாறு சேர்க்காத கீரை எள்ளுப்பொடியோடு வந்தது. இவ்வளவு கவனிப்பை எந்த ஊர்ப் பாணிப் பப்பிலும் நான் கண்டதில்லை. இருநூறு பேர் வந்துபோகும் இடத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

2021 ஏப்ரல் 25 அன்று கொரோனா தொற்றால் டோக்கியோவில் மூன்றாம் முறை அவசரநிலை நடைமுறைக்கு வந்தபோது, மது பரிமாறும் கடைகளை மூடும்படி அரசு கேட்டுக்கொண்டது. பெரிய பப்புகளைத் தாங்கிப் பிடிக்க நிறுவனங்கள் இருந்தன. எங்கள் சந்துக்கடைக்காரர் மதிய உணவுப் பெட்டி கட்டி வாசலில் வைத்து விற்றார். வழக்கமாக வரும் தச்சரும், மருந்துக்கடை அம்மாவும், லீட்ஸ் நண்பரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆங்கிலம் பேசும் இடமே வேண்டாம் என்று நண்பர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் தமக்கு இந்த நகரத்தில் ஒரு தெரு இருக்கிறது என்று அந்த வசந்தகாலத்தில்தான் உணர்ந்ததாகச் சொன்னார். சாமானியர்களின் இந்தக் கடைகள் ஒவ்வொன்றாக, வாரிசு இல்லாமல் மூடப்படுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வந்து தங்கியிருக்கும் நாம் அங்கே போவது நமக்கு மட்டும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லது.

ஷின்ஜுக்குவின் கோல்டன் காய் சந்துகளைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஆறு குறுகிய சந்துகளில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி பார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அயல்நாட்டுப் பயணிகள் நிறைய வருவதால், உள்ளூர்க் கடையைத் தேடிப் போகிறவர் அங்கேயும் தம் ஊர்க்காரர் பக்கத்திலேயே உட்கார நேரலாம். சில கடைகள் தெரிந்தவர்களை மட்டுமே சேர்க்கும். கதவில் எழுதியிருந்தால் வற்புறுத்தாமல் நகர்ந்துவிடுவது மரியாதை. புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசலில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்க்க வேண்டும்: 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தாலும், டோக்கியோவில் ஊழியர் இல்லாமல் உரிமையாளரே நடத்தும் சிறிய பழைய கடைகள் புகையை அனுமதிக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். களைத்த நாளில் ஊர்ப் பப்புக்குத் தாராளமாகப் போங்கள். மற்ற நாள்களில், அலுவலகத்துக்கு அருகில் அல்ல, வீட்டுக்கு அருகில் ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் சேராத ஆறு மணிக்குத் தனியாகவோ இன்னொருவரோடோ போங்கள். ஐந்தாறு பேராகப் போனால் உங்களுக்குள்ளேயேதான் பேசுவீர்கள், சின்னக் கடையில் இடமும் இருக்காது. கைப்பேசியை எடுக்காமல் ஒதோஷியைச் சாப்பிடுங்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அதே கிழமையில் போனால் கடைக்காரரே பேச்சுக் கொடுப்பார். பள்ளிக்கூடத்து ஜப்பானிய மொழி அதற்குப் போதும். வீடு பக்கத்தில் இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு நின்றுபோகும் கடைசி ரயிலைப் பற்றிய பதற்றமும் இருக்காது. ஆனால் நிஷிகசாயில் எல்லோரும் சைக்கிளில்தான் நிலையத்துக்குப் போய்வருகிறோம் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: 2024 நவம்பர் முதல், லேசான போதையில் சைக்கிள் ஓட்டினாலும் மூன்று ஆண்டுவரை சிறையோ ஐந்து லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கலாம், ஓட்டுவார் என்று தெரிந்தே மது கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. சைக்கிளை நிலையத்து நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போங்கள். கடைக்காரரை அந்தச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.