வீட்டிலேயே பிரேக் காலிப்பருக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

கடலோர_ஸ்விஃப்ட்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2016 ஸ்விஃப்ட் டீசல். வீடு திருவான்மியூரில், கடலுக்கு ரொம்பப் பக்கம், உப்புக்காற்றில் இரும்பு எதுவும் தப்புவதில்லை. சமீபத்தில் அலாய் வீல் போட்டேன், போட்டபிறகுதான் உள்ளே காலிப்பர் (வீலோடு சுற்றும் டிஸ்க் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பகுதி) முழுக்கத் துருவேறி இருப்பது பளிச்சென்று தெரிகிறது, வீல் எவ்வளவு அழகாக இருந்தும் கண் அங்கேதான் போய் நிற்கிறது. சிவப்பு அடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். கார் அழகுபடுத்தும் ஒரு கடையில் சொன்ன விலைக்கு நாலு பக்கமும் புது பிரேக் பேட், ஷூ (டிஸ்க்கிலும் டிரம்மிலும் அழுத்தித் தேயும் கட்டைகள்) மாற்றிவிடலாம் போல, அதனால் நானே செய்ய ஆசை.

என் சந்தேகங்கள்: காலிப்பரைக் கழற்றியே ஆகவேண்டுமா? ஹார்டுவேர் கடை எனாமல் ஸ்ப்ரே போதுமா? பெயிண்ட் அடித்தால் சூடு வெளியேறாமல் பிரேக் பிடிக்காது என்று அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார், அது உண்மையா? அப்புறம் பின்னால் டிரம் (மூடிய உருளை மாதிரி) பிரேக்தானே, அதை என்ன செய்வது?

கொங்கு_ஸ்பேனர்:

தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் எங்கே படக்கூடாது என்பதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில் நண்பர் சொன்னதற்குப் பதில். பிரேக்கில் வரும் சூட்டில் பெரும்பகுதி டிஸ்க்கில்தான் உண்டாகிறது, டிஸ்க்கிலிருந்துதான் காற்றுக்குப் போகிறது. காலிப்பர் மேல் மெல்லிசாக ரெண்டு கோட் அடிப்பதால் பிரேக் பிடிப்பதில் எந்த மாற்றமும் தெரியாது. கம்பெனியிலிருந்தே பெயிண்ட் அடித்து வரும் கார்கள் எத்தனையோ இருக்கின்றன.

சாதாரண எனாமல் வேண்டாம். ஊருக்குள் ஓட்டும்போது தாங்கும், ஆனால் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் பழுக்கிற அளவுக்குக் கொதிக்கும், அந்தச் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்கும் வரும், எனாமல் கருகி உரியும். (அப்படி இறங்கவும் கூடாது, ரெண்டாவது கியரில் விட்டு இறங்குங்கள்.) இன்னொன்று, பிரேக் ஆயில் பட்டால் எனாமல் அப்படியே கொப்பளித்துக் கழன்றுவிடும். காலிப்பருக்கென்றே விற்கிற பெயிண்ட் வாங்குங்கள், அதிலும் ஹார்டனர் (பெயிண்ட்டை இறுகவைப்பது) தனியாகக் கலந்து பிரஷ்ஷால் பூசுவதுதான் வீட்டு வேலைக்குச் சுகம். கலந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், அதனால் ஒரு பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். 600 டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கும் சைலன்சர் ஸ்ப்ரேயைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் பலதும் நன்றாகச் சூடு காட்டினால்தான் முழுசாக இறுகும், அதுவரை பெட்ரோல் துணி பட்டாலே ஒட்டிக்கொண்டு வரும்.

கழற்ற வேண்டியதில்லை. பிரேக் ஆயில் ஹோஸைத் தொடவே தொடாதீர்கள். அதைத் திறந்தால் உள்ளே காற்று ஏறும், பிறகு ப்ளீடிங் (உள்ளே போன காற்றை வெளியேற்றுவது) செய்யாமல் வண்டியை எடுக்க முடியாது. வீலைக் கழற்றி, காலிப்பரை இருக்கும் இடத்திலேயே வைத்துப் பூசினால் வெளியே தெரிகிற பக்கம் முழுக்க வந்துவிடும்.

இனி சுத்தம் செய்வது. பிரேக்கில் படிந்திருக்கும் கருப்புத் தூளை வாயாலோ கம்ப்ரெஸரிலோ ஊதாதீர்கள், பழைய பேட் என்ன சரக்கில் செய்தது என்று யாருக்கும் தெரியாது, மாஸ்க் போட்டுத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள். அப்புறம் வயர் பிரஷ், மூலைகளுக்கு எமரி பேப்பர். கடைசியாக பிரேக் கிளீனர் அடித்து வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும், துணியில் கருப்பு வருவது நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப. துணி வெள்ளையாகவே வந்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் டீசல் ஊற்றிக் கழுவுவார்கள், அது மட்டும் வேண்டாம். பிரேக்கில் இருக்கிற ரப்பர் சீல் பெட்ரோல், டீசல் பட்டால் ஊதிப்போகும்.

மழைக்கு_முன்:

கொங்கு அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார், சென்னைக்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும்போது பூசினால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பிடித்திருக்காது, தை மாதம் வருவதற்குள் ஓரங்களில் துரு எட்டிப்பார்க்கும். பங்குனி வெயிலில் காலையில் ஆரம்பித்தால் ஒரே நாளில் முடியும். துருவைத் தட்டி எடுத்த இரும்பை அன்றைக்கே பூசிவிடுங்கள், திருவான்மியூர்க் காற்றில் ராத்திரி முழுக்க வெறும் இரும்பாக விட்டால் காலையில் திரும்பவும் செம்மண் நிறம்தான்.

கலர் உங்கள் விருப்பம். ஆனால் பெரிய பிரேக் கம்பெனி பெயர் போட்ட ஸ்டிக்கரை மாருதி காலிப்பரில் ஒட்டாதீர்கள், மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். போர்ஷேயில் மஞ்சள் காலிப்பர் என்றால் செராமிக் டிஸ்க், பச்சை என்றால் ஹைபிரிட் என்று கலருக்கே ஒரு அர்த்தம் இருக்கிறது. நம் வண்டிக்கு அடர் சாம்பல் அடித்துப் பாருங்கள், பிரேக் தூளும் தெரியாது, பல வருஷம் புதுசு மாதிரியே இருக்கும்.

கடலோர_ஸ்விஃப்ட்:

ரொம்ப நன்றி. சாம்பல் யோசனை வீட்டிலும் பிடித்துவிட்டது. பெயிண்ட் படக்கூடாத இடங்கள் என்றீர்களே அண்ணா, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங் பேஸ்மெண்ட்டில் சரிவாக இருக்கிறது, அங்கேயே ஜாக்கி போடலாமா?

கொங்கு_ஸ்பேனர்:

சரிவில் கூடவே கூடாது. சமதளமான, கெட்டியான தரை வேண்டும். வண்டியோடு வருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்குத்தான், அதை நம்பி மணிக்கணக்கில் உட்கார முடியாது, ஜாக் ஸ்டாண்டு வாங்குங்கள் அல்லது பஞ்சர் கடையில் இரவல் கேளுங்கள். கழற்றிய வீலை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவைப்பது நல்ல பழக்கம். முன்பக்கம் தூக்கும்போது பின் வீலுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்ப வேண்டாம், அது பின் வீலை மட்டும்தான் பிடிக்கும். வண்டியை முதல் கியரில் போட்டு முன் வீலுக்குக் கல் வைக்கவும்.

படக்கூடாதவை: உங்கள் காலிப்பர் ரெண்டு ஸ்லைடு பின்னில் (வழுக்குக் கம்பியில்) உள்ளும் வெளியும் நகரும் வகை. பிரேக் மிதிக்கும்போது பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுக்க நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். அந்தப் பின்னை மூடியிருக்கும் சின்ன ரப்பர் உறையைப் பாருங்கள், மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புக்குள் பெயிண்ட் இறங்கிக் காய்ந்தால் ரப்பர் விறைத்துக் கிழியும், கிழிந்தால் தண்ணீர் போகும், ஸ்லைடு பின் இறுகும், ஒரு பேட் மட்டும் தேய்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வயர் பிரஷ்ஷும் அதன் மேல் படக்கூடாது. பிஸ்டனைச் சுற்றிய ரப்பருக்கும் இதே விதிதான்.

ப்ளீடர் நிப்பிளையும் (காற்றை வெளியேற்றும் சின்ன மூக்கு) அதன் தொப்பியையும் டேப் ஒட்டி மூடுங்கள். பேட் உட்காருகிற கிளிப், பேட் பின்தகடு, டிஸ்க், ஹோஸ், ஏபிஎஸ் (வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் வயர் இதெல்லாம் மாஸ்கிங் டேப்பும் பழைய செய்தித்தாளும் போட்டு மூடவேண்டியவை. டிஸ்க்கில் துளி தெறித்தால் உடனே தின்னர் தொட்டுத் துடைத்தால் போதும். பேட் முகத்தில் பட்டால் அந்த பேடோடு ஓட்டாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.

டிரம்முக்கு வெளிப்பக்கம் மட்டும் கருப்பு அடியுங்கள், சிவப்பு டிரம் எடுபடாது. வீல் வந்து உட்காருகிற தட்டையான முகத்திலும் ஸ்டட் (வீல் நட் ஏறுகிற போல்ட்) மரையிலும் பெயிண்ட் வேண்டாம். பெயிண்ட் அங்கே இருந்தால் ஓட ஓட நசுங்கி நட் இளகிவிடும்.

கடைசிக் கோட் காய ஒரு ராத்திரி விடுங்கள். வீல் நட்டைக் குறுக்கு நெடுக்காக இறுக்கி, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் (இறுக்க விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் சரிபார்க்கவும், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை. வண்டியை எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே பெடலை நன்றாக மிதித்துப் பாருங்கள். பேட் கொஞ்சம் விலகியிருந்தால் முதல் மிதி தரைவரை போகும், கெட்டியான பிறகுதான் கியர் போட வேண்டும்.

சுத்தம் செய்யும்போது பிஸ்டன் ரப்பரைச் சுற்றி ஈரமாகப் பிசுபிசுத்தால் அது பிரேக் ஆயில் கசிவு. அன்றைக்குப் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு நேராக மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், சீல் மாற்றிய பிறகு பூசிக்கொள்ளலாம்.