ஹோட்டன் ஆலையில் அந்தப் பெரியவர் ஏன் ஓடினார்?

பெட்ஃபோர்ட்காரன்:
இங்கிலாந்தில் ஹோட்டன் தண்ணீர் ஆலைக்கு, அதாவது ஆற்றுத் தண்ணீரில் ஓடுகிற மாவு ஆலைக்கு, போனவர்கள் யாராவது சொல்லுங்கள். நான் போய் மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனதை அரிக்கிறது. கிரேட் ஊஸ் ஆறு, பலகை அடித்த உயரமான கட்டடம், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மதகைத் திறந்ததும் சக்கரம் சுற்றி, காலுக்கடியில் தரை அதிர்ந்தது. மாவு விழும் இடத்தில் மகள் கையை நீட்டி, "அப்பா, சுடுது" என்றாள். ஆலைக்காரப் பெரியவர் கட்டைவிரலால் மாவைத் தேய்த்துக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று பாதிப் பேச்சில் விட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். எழுபது வயது இருக்கும். மேலே கடகட சத்தம் மாறியது என்று மகள்தான் அப்புறம் சொன்னாள். திரும்பி வந்தவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

திருகைக்கல்:
கோதுமை தீரப்போயிருக்கும். இரண்டு கல்லுக்கும் நடுவில் தானியம்தான் மெத்தை. அது இல்லாவிட்டால் கல்லோடு கல் உரசிப் பொறி பறக்கும். மாவுத்தூள் மிதக்கிற மரக்கட்டடத்தில் பொறி என்றால் கேட்க வேண்டுமா? சில ஆலைகளில் கோதுமை கொட்டுகிற தொட்டியில் மணி கட்டியிருப்பார்கள், கோதுமை குறைந்தால் அடிக்கும். தானியம் விழ, தொட்டிக்குக் கீழுள்ள வாயை உலுக்குகிற தண்டுக்கு 'டேம்சல்', அதாவது குமரிப்பெண், என்று பெயர், ஓயாமல் கடகடவென்று பேசுமாம். ஆலைக்காரர்களின் கேலி.

வேறொரு ஆலையில் கல் கொத்துபவரைப் பார்த்தேன். புறங்கையெல்லாம் நீலப் புள்ளிகள். உளியிலிருந்து தெறித்த எஃகு தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று வந்தவரின் கையை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அதுதான் உறுத்துகிறது.

பழைய மாணவன்:
ஏதோ பழங்காலச் சக்கரம் போல எழுதுகிறீர்கள். ஆலை பழசு, அந்த இடத்தில் 974-லேயே ஆலை இருந்திருக்கிறது, சரி. ஆனால் நீங்கள் பார்த்த சக்கரம் 1999-ல் மாட்டியது. 1983 வரை அந்த ஆலைக் கட்டடம் இளைஞர் விடுதி. 1981-ல் ஓர் இரவு தங்கினேன். சக்கரமும் இல்லை, மாவும் இல்லை. படுக்கைக்குக் கீழே ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடியது. விடியும்போது ஒரு நிமிடம் ஊரில் வாய்க்கால் ஓரம் படுத்திருக்கிறேன் என்றே நினைத்தேன். எனக்கு அந்த ஆலைதான் ஆலை.

சப்பாத்தி ராணி:
போன மாதம் போனேன். ஆறு நிறையத் தண்ணீர், சக்கரம் ஓடவில்லை! வெளியேறுகிற பக்கமும் தண்ணீர் ஏறிவிட்டால் சக்கரம் சேற்றில் மாட்டிய வண்டிதானாம். ஏமாந்து வந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே மாவு வாங்கியவர்கள் கவனிக்கவும். கல்லில் அரைத்த முழுக்கோதுமை மாவில் முளையின் எண்ணெய் அப்படியே இருக்கும், சீக்கிரம் சிக்கு வாடை வரும். அலமாரியில் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் காற்றுப் புகாமல் வையுங்கள். சப்பாத்திக்குப் பிசையும்போது கடை மாவுக்கு ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கூடத் தண்ணீர் கேட்கும். வெதுவெதுப்பாக ஊற்றி, ஈரத்துணி போட்டு அரைமணி நேரமாவது ஊறவிடுங்கள். தவிடு ஊறாமல் தேய்த்தால் ஓரம் பிளக்கும். சலிக்கலாமா என்று கேட்காதீர்கள், சலிப்பதற்கு எதற்கு அங்கே போய் வாங்க வேண்டும்?

பெட்ஃபோர்ட்காரன்:
மாவைப் பற்றி நான் கேட்கவே இல்லையே அம்மா. அன்று வாங்கிய பை இன்னும் பிரிக்காமல் அலமாரியில்தான் இருக்கிறது.