பக்கத்திலேயே கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை: கலாங்க் மலைநடை அனுபவங்கள்

பிரான்ஸின் மார்செய் நகரத்தின் தெற்கு ஓரத்தில் கல்லலோங் என்று ஒரு சின்ன மீனவர் துறை இருக்கிறது. நகரப் பேருந்து அதோடு நின்றுவிடும். அங்கிருந்து கஸ்ஸி ஊர் வரைக்கும் கடலோர மலைகளின் மேலேயே ஒரு பாதை போகிறது. 20 கிலோமீட்டருக்கு மேல் நடை. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 1000 மீட்டரைத் தாண்டும். பாறையில் பூசிய சிவப்பு வெள்ளைக் கோடுதான் வழிகாட்டி.

போன மே மாதக் கடைசியில் நானும் மச்சானும் ஒரே நாளில் முழுப் பாதையையும் நடந்துவிடலாம் என்று கிளம்பினோம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். மலை என்று இருந்தால் எங்காவது ஒரு ஓடையோ ஊற்றோ இல்லாமலா போகும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மலை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மேலே ஒரு துளி தங்காது. பெய்கிற மழை கல்லை மெல்ல மெல்லக் கரைத்து, வெடிப்புகளில் இறங்கி, உள்ளுக்குள்ளேயே ஓடிவிடுகிறது. கஸ்ஸிக்குப் பக்கத்தில் போர்மியு என்ற இடத்தில் அந்தத் தண்ணீர் ஓர் ஆறாகவே கடலுக்கு அடியில் வந்து கலக்கிறது. 1970களில் அந்தக் குகைக்குள் அணை கட்டி நல்ல தண்ணீர் எடுக்க முயன்றார்கள். உப்பு போகவில்லை. நடக்கிறவனுக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: காலின் கீழ் ஆறே ஓடினாலும் உன் பாட்டிலில் இருப்பது மட்டுமே உன் தண்ணீர்.

சோர்மியு, மோர்ஜியு வரை உற்சாகமாகத்தான் போனோம். மலை திடீரென்று பிளந்து, நடுவே கடல் உள்ளே நுழைந்திருக்கும். அப்படிப்பட்ட ஒவ்வொரு பிளவுக்கும்தான் கலாங்க் என்று பெயர். சோர்மியு, மோர்ஜியு, சுஜித்தோன் எல்லாம் அவைதான். ஒன்றில் இறங்கி ஏறி மூச்சு வாங்கி நிமிர்ந்தால் அடுத்தது கீழே தெரியும். சுஜித்தோனைத் தாண்டிக் காந்தேல் கணவாய் ஏறும்போது உச்சி வெயில். வெள்ளைப் பாறை வெயிலைத் திருப்பி முகத்திலேயே அடிக்கிறது. நிழல் என்றால் அங்கங்கே குட்டையான பைன் மரங்கள், அவ்வளவுதான். தெவன்சோன் செங்குத்துப் பாறைகளின் விளிம்புக்கு வந்தபோது மச்சானின் பாட்டில் காலி. என்னிடம் நாலு மடக்கு இருந்திருக்கும். 300 மீட்டர் கீழே நீலக் கடல். அதைப் பார்க்கப் பார்க்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

அங்கே ஒரு பைன் நிழலில் வயதான கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். வணக்கம் சொன்னேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து, "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார். காட்டினேன். ஒன்றும் பேசாமல் தன் பையைத் திறந்து, தன் குடுவையிலிருந்து அரை லிட்டர் போல என் பாட்டிலில் ஊற்றினார். ஊற்றும்போது ஒரு துளி அவர் விரலில் வழிந்தது. அந்த விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். அந்தச் செய்கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த மலையோடு வாழ்ந்தவர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பெரியவர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். "ஆன்வோ கலாங்குக்கு இறங்காதீர்கள். இறங்கிவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும். மேலேயே கார்டியோல் மேட்டு வழியாகப் போய்க் கஸ்ஸியில் இறங்குங்கள்." அந்த மேட்டில் மழைநீர்த் தொட்டியை நம்பியே பல பத்தாண்டுகள் நடந்த ஒரு தங்கும் விடுதி பற்றியும் சொன்னார். அவர் சொன்னபடியே நடந்து, கஸ்ஸிக்கு வந்து, முதல் கடையில் தண்ணீர் வாங்கி நின்ற இடத்திலேயே குடித்தோம்.

ஆன்வோவை அக்டோபரில் தனியாகப் போய்ப் பார்த்தேன். இறங்கும் வழி ஒரு செங்குத்தான கல் ஓடை. ஆயிரக்கணக்கான செருப்பும் ஷூவும் தேய்த்துத் தேய்த்து அந்தக் கல் பழைய அம்மி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் கல்லில் கால் நிற்கும். பளபளப்பாக வெளுத்திருக்கும் கல்லில் காய்ந்த நாளிலேயே வழுக்கும். ஓர் இடத்தில் இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே இறங்கினேன். கை வைத்த இடத்தில் காட்டு ரோஸ்மேரி நசுங்கி, வீடு திரும்பும் வரை உள்ளங்கையில் மணந்துகொண்டிருந்தது.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் மார்செயில் லுமினி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். சுஜித்தோனுக்கு இறங்கும் பாதை எங்கள் வகுப்பறைக்குப் பின்னாலிருந்தே தொடங்குகிறது. எனக்கு நடந்தது வேறு மாதிரி.

முதல் வருடம், ஜூலை. விடியற்காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு போனேன். பாதை முகப்பில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். "இன்று சிவப்பு, போக முடியாது" என்றார். ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்துத்தான் மலையைத் திறப்பார்கள். மறுநாளுக்கான வரைபடம் முந்தின நாள் மாலையே வந்துவிடும். எனக்கு அது தெரியாது. மீறினால் 135 யூரோ அபராதம். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, காற்று மட்டும் வேகம். இவ்வளவு நல்ல நாளில் ஏன் மூடுகிறீர்கள் என்று கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. காற்றைக் காட்டி, "இதற்குப் பெயர் மிஸ்திரால். அடித்தால் வானம் இப்படித்தான் சுத்தமாக இருக்கும். தீ இதில்தான் ஓடும்" என்றார். பிறகு நாலு அடி தள்ளி நின்ற ஒரு கருகிய பைன் மரத்துக்குக் கூட்டிப்போனார். பட்டையைக் கையால் தேய்த்தார், விரல் கறுத்தது. 2016 செப்டம்பர் தீயில் இந்த மலைத்தொடரில் 300 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது என்றார். இந்தக் கல்லின் மேல் மண் ஒரு சாண்கூட இல்லை, அதனால் எரிந்த இடத்தில் மரம் திரும்ப வர எத்தனை வருடமாகும் என்று பார்த்துக்கொள் என்றார். அதற்கு அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

சுஜித்தோனுக்கு இப்போது கோடையில் முன்பதிவும் வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு 400 பேர்தான். 2022இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் கூட்டமான நாளில் 2500 பேர் வரை வந்திருக்கிறார்கள். கால் பட்டுப் பட்டு மண் கடலுக்குப் போய், முளைக்கிற பைன் கன்று எதுவுமே நிற்கவில்லை. நண்பர்கள் பலர் புலம்பினார்கள். எனக்கு இது சரி என்றே படுகிறது.

*

தம்பி சொன்ன மண் விஷயம் உண்மை. நான் குழந்தைகளோடு போகிறவள். முழுப் பாதை எங்களுக்கு முடியாது. மோர்ஜியு துறை வரை போய், அங்கிருந்து முனைப் பக்கம் கொஞ்சம் ஏறி உட்காருவோம்.

ஒரு தடவை துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர், என் மகன் கேட்ட கேள்விக்காக வேலையை நிறுத்திவிட்டு அந்த முனையைக் கை நீட்டிக் காட்டினார். அதன் அடியில்தான் கொஸ்கேர் குகை. ஆன்றி கொஸ்கேர் என்ற முக்குளிப்பவர் 1985இல் கண்டுபிடித்து, 1991இல் வெளியே சொன்னார். நுழைவாய் கடல் மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே. உள்ளே போனால் சுவரில் மனிதர்களின் கை அச்சுகள், ஏறக்குறைய 27,000 வருடம் பழையவை. குதிரை, காட்டெருமை ஓவியங்களும் உண்டு. இன்று உலகத்திலேயே இல்லாமல் போன பெரிய ஆக் பறவைகூட இருக்கிறது. பனியுகத்தில் கடல் இன்றைவிட 100 மீட்டருக்கும் கீழே இருந்ததால் அவர்கள் நடந்தே போய் வந்திருக்கிறார்கள். அசல் குகைக்குள் பொதுமக்கள் போக முடியாது. மார்செய் துறைமுகத்தில் 2022இல் திறந்த மாதிரிக் குகையைத்தான் பார்த்தோம்.

மீனவர் சொன்னதைக் கேட்டு என் மகன் பாறையில் உள்ளங்கையை விரித்து வைத்து, மறு கையால் அதைச் சுற்றி ஈர மண்ணைப் பூசினான். கையை எடுத்ததும் வெள்ளையாக ஐந்து விரல் தெரிந்தது. போகும்போது அதைக் கழுவிவிட்டு வா என்று மீனவர் ஒரு வாளி கடல்நீர் கொடுத்தார்.

*

முதலில் எழுதிய நான்தான் மறுபடியும். அக்கா, உங்கள் மகனுக்கு என் அன்பு. எந்த மாதம் போகலாம் என்று உள்பெட்டியில் பலர் கேட்டிருக்கிறீர்கள். மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர் கடைசி நல்லது. ஆளுக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாதையை இரண்டு நாளாகப் பிரித்து நடுவில் லுமினி பக்கம் ஏறி வெளியே வந்துவிடுங்கள். நான் இப்போது பையில் ஒரு அரை லிட்டர் தனியாக வைத்திருக்கிறேன். அது எனக்கு இல்லை. தெவன்சோன் விளிம்பில் காலி பாட்டிலோடு யாராவது நின்றால் கொடுப்பதற்கு.